முயலின் பற்கள் நீளாமல் காப்பது: வீட்டில் செய்ய வேண்டியவை, மருத்துவரிடம் விட வேண்டியவை

வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் அதன் பல்லைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் முன்பல் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் நாளில்தான். அதற்குப் பல வாரங்கள் முன்பே அதன் எடையும் புழுக்கையும் தின்னும் விதமும் மாறியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டி வாயைத் திறந்து பார்ப்பதில் தொடங்கவில்லை. தராசில் தொடங்கி, கையால் தடவிப் பார்ப்பதற்குச் சென்று, வாய்க்கு மூன்றாவதாகத்தான் வருகிறது. புதிதாக வளர்ப்பவர்கள் இடறுவது இந்த வரிசையை மாற்றிச் செய்வதால்தான்.

1. எந்தப் பல் எங்கே இருக்கிறது

வளர்ந்த முயலுக்கு 28 பற்கள் உண்டு: மேல்தாடையில் 16, கீழ்த்தாடையில் 12. உதட்டை விலக்கினால் நமக்குத் தெரிபவை வெட்டுப்பற்கள் மட்டுமே. மேலே இரண்டு பெரிய பற்களும், அவற்றின் பின்னால் ஒளிந்தாற்போல் இரண்டு சிறு முளைப்பற்களும், கீழே இரண்டு பற்களும் ஆக ஆறு. கோரைப்பல் கிடையாது, அந்த இடம் வெறும் இடைவெளியாக இருக்கும். மீதி 22 பற்களும் கன்னத்துக்குள் ஆழத்தில் இருக்கும் கடைவாய்ப் பற்கள். வீட்டில் எந்த வெளிச்சத்தை அடித்தாலும் அவை தெரியா.

இந்த 28 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசி உளிபோல் கூராகித் தேய்வதால், ஆரோக்கியமான முயலில் அந்த வளர்ச்சி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைவாய்ப் பற்களோ, நார் மிகுந்த புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கும்போதுதான் தேயும்.

முயலின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. அரைப்பது குறைந்தால் கீழ்ப்பற்களின் உட்புற ஓரம் கூராக வளர்ந்து நாக்கைக் குத்தும். மேற்பற்களின் வெளிப்புற ஓரம் கன்னத்தின் உட்சதையைக் கிழிக்கும். மேலே வளர இடமில்லாதபோது பல் வேர்ப்பக்கமாகவும் நீளும். கீழ்த்தாடையில் அது தாடை எலும்பின் அடிவிளிம்பில் மேடாகத் தட்டுப்படும். மேல்தாடையில் கண்ணீர்க் குழாயை நெருக்கி, கண்ணில் நீர் வடிய வைக்கும். பின்னால் சொல்லப்போகும் சோதனைகள் எல்லாமே இந்த அமைப்பை ஒட்டியவை.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஐந்து கிராம் வரையாவது காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு, முயல் அடங்கி உட்காரும் அளவு பிளாஸ்டிக் கூடை, ஒரு பழைய பருத்தித் துண்டு, தேதி போட்டு எழுத ஒரு நோட்டு, ஊசியில்லாத 1, 5, 10 மில்லி சிரிஞ்சுகள். அன்றாடம் தேவைப்படுபவை இவ்வளவே.

எல்லாவற்றையும்விட முக்கியம், முயல் நன்றாக இருக்கும்போதே மருத்துவரைத் தேடி வைத்துக்கொள்வது. மாடு, ஆடு, நாய் பார்ப்பதில் தேர்ந்த கால்நடை மருத்துவர்கள் பலருக்கு முயலின் வாய்க்குள் வேலை செய்யும் வாய்ப்பு அரிதாகவே கிடைத்திருக்கும். ஆகவே தொலைபேசியில் மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய்ப் பற்களைப் பார்ப்பதுண்டா? பல்லைச் சுழல்கருவியால் தேய்ப்பார்களா, கத்தரிப்பார்களா? மயக்க மருந்துக்கு முன் முயலைப் பட்டினி போடச் சொல்வார்களா? கத்தரிப்போம் என்றோ, முந்தைய இரவே தீனியை நிறுத்துங்கள் என்றோ பதில் வந்தால் வேறு இடம் தேடுவது நல்லது. காரணங்கள் 7, 8ஆம் பகுதிகளில் உள்ளன.

நகவெட்டியையும் கம்பி வெட்டும் குறட்டையும் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை.

3. முதல் சோதனை: எடையும் தின்னும் விதமும்

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைத் தீனிக்கு முன் எடை போடுங்கள். வலியை மறைப்பது இரையாகும் விலங்குகளின் இயல்பு. முயல் பெரும்பாலும் கத்தாது, முனகாது. அதனால் மறைக்க முடியாத எடையைத்தான் முதலில் நம்ப வேண்டும். ஒன்றரைக் கிலோ முயலில் 75 கிராம் குறைந்தால் நான் மருத்துவரை அழைத்துப் பேசிவிடுவேன். 150 கிராம் குறைந்திருந்தால் பேசிக்கொண்டிருக்கும் கட்டம் தாண்டிவிட்டது, நேரில் கொண்டுபோக வேண்டும்.

எடை போட்ட பிறகு தீனியை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். என் முதல் முயல் காய்ந்த புல்லிடம் ஆசையாகத்தான் வரும். ஒரு தண்டை எடுக்கும், இரண்டு மூன்று முறை மெல்லும், தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும், பிறகு நனைந்த தண்டைக் கீழே போட்டுவிட்டுக் கொத்தமல்லித் தழைக்குப் போய்விடும். ‘புல் பிடிக்கவில்லை போலும், செல்லம் அதிகமாகிவிட்டது’ என்று பத்து நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். பிடிக்காத உணவை முயல் முகர்ந்துவிட்டு விலகும். வாயில் எடுத்து மென்று பிறகு போட்டால் அது பசியுள்ள, வாய் வலிக்கும் முயல். இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முயலின் நாக்கில் புண் தேவைப்பட்டது.

கூடவே கவனிக்க வேண்டியவை: மோவாயும் கழுத்தடியும் எச்சிலில் நனைந்திருப்பது, முகத்தைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால்களின் உட்புற மயிர் சிக்குப் பிடித்திருப்பது, புழுக்கை சிறுத்தோ எண்ணிக்கையில் குறைந்தோ இருப்பது, பின்புறத்தில் மென்புழுக்கை அப்பியிருப்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்துவிடுகிறார்கள். முயல் தன் மென்புழுக்கையை நேராக வாய் வைத்து எடுத்துத் தின்னும் பிராணி. வாய் வலித்தால் அதைத் தின்னாமல் விட்டுவிடும், அது மயிரில் ஒட்டிக்கொள்ளும்.

4. இரண்டாவது சோதனை: கையால் தடவிப் பார்ப்பது

முயலைத் தூக்காதீர்கள். தரையில் துண்டை விரித்து, அதன் மேல் முயலை இருக்கவிட்டு, நீங்களும் தரையில் உட்காருங்கள். தூக்கினால் அது துள்ளும். பின்னங்கால்களை வேகமாக உதைக்கும்போது முயலின் முதுகெலும்பே முறியக்கூடும்.

இரு கைகளின் விரல்நுனிகளையும் கீழ்த்தாடையின் அடிவிளிம்பில் ஒரே நேரத்தில் வைத்து, காதுப் பக்கத்திலிருந்து மோவாய் நோக்கி மெல்ல நகர்த்துங்கள். இருபுறமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே கேள்வி. ஒரு பக்கம் மட்டும் கடலைப் பருப்பளவு மேடு தட்டுப்பட்டாலோ, தொட்டதும் முயல் வெடுக்கென்று தலையை இழுத்தாலோ, அதைத் தேதியோடு எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்து, கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பை அதேபோல் ஒப்பிடுங்கள். கடைசியாகக் கண். ஒரு கண்ணில் மட்டும் நீரோ வெள்ளைக் கசிவோ தொடர்ந்து வந்தால், கண் சொட்டு மருந்து வாங்குவதற்கு முன் பல்லைச் சந்தேகப்பட வேண்டும்.

5. மூன்றாவது சோதனை: வெட்டுப்பற்களைப் பார்ப்பது

துண்டால் முயலைச் சுற்றி, அதன் முதுகு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க, பின்புறத்தை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். மற்றொருவர் இரண்டு விரல்களால் மேலுதட்டை இருபக்கமும் விலக்கினால் போதும். தாடையை இழுத்துத் திறக்கக் கூடாது. பத்து விநாடிக்கு மேல் நீட்டவும் கூடாது. கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். போன மாதப் படத்தோடு நிதானமாகப் பிறகு ஒப்பிடலாம்.

மல்லாக்கப் போட்டால் முயல் அசையாமல் கிடக்கும் என்று சிலர் அப்படிப் பார்ப்பதுண்டு. அது அமைதியன்று, அச்சத்தில் உறைந்துபோவது, தவிருங்கள்.

சரியான கடிவாயில், அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தும் வாயில், கீழ்ப்பற்களின் நுனி, மேலே உள்ள பெரிய பற்களுக்குச் சற்றுப் பின்னால், முளைப்பற்களைத் தொட்டு நிற்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனியோடு நுனி முட்டினாலோ, கீழ்ப்பல் முன்னால் வந்திருந்தாலோ, விளிம்பு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாலோ, பல்லின் முகத்தில் குறுக்குவாட்டில் வரிவரியாக மேடுகள் தெரிந்தாலோ சிக்கல் தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்பற்கள் அழகாக இருப்பதால் பின்பற்களும் நன்றாக இருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. நன்கு வளர்ந்த முயலில் முன்பல் கோணுவது பல சமயம் கடைவாய்ப் பற்கள் நீண்டதன் பின்விளைவு. பின்னால் உயர்ந்த பற்கள் தாடையை மூடவிடாமல் தடுக்க, முன்னால் உரசல் நின்றுபோகிறது. ஆகவே முன்பல்லை மட்டும் சரிசெய்துகொண்டு திரும்பினால் ஒரு மாதத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்போம். குட்டியாக இருக்கும்போதே கோணிய கடிவாயின் கதை வேறு. முகம் குட்டையான குள்ள இனங்களில் மேல்தாடை குறுகிப் பிறப்பதால் அது வருகிறது, தீனியால் மாறாது. அத்தகைய முயலை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

6. தேய்மானத்துக்கான தீனி

பல்லைத் தேய்ப்பது கட்டை அன்று, புல். மரக்கட்டையைக் கொறித்தால் முன்பல் சற்று வேலை செய்யும். பின்னால் இருக்கும் 22 பற்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. குச்சிபோல் அழுத்திச் செய்த பெல்லட் தீவனம், ஊறவைத்த கடலை, பிஸ்கட், சோறு ஆகியவற்றை முயல் மேலும் கீழுமாக நசுக்கி விழுங்கிவிடுகிறது; பக்கவாட்டு அரைப்பு நடப்பதில்லை, மெல்லும் நேரமும் குறைவு. கேரட் நமக்குத்தான் கடினம். முயலுக்கு அது இனிப்பு.

உலர்ந்த புல் நாள் முழுவதும் தீராமல் இருக்க வேண்டும். முயலின் உடலளவுக்கு ஒரு குவியல் என்பது எளிய கணக்கு. பெல்லட் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். கீரையும் தழையும் அதன் பக்கத்தில் ஒரு கைப்பிடி.

இணையத்தில் விற்கும் டிமோத்தி புல் நல்லதுதான், விலைதான் கட்டுப்படியாகாது. நம் ஊரில் அருகம்புல், கொழுக்கட்டைப்புல், பால்பண்ணைக்காரர்கள் வளர்க்கும் கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஆகியவை நன்றாகவே உதவும். பூச்சிமருந்து அடித்த வரப்பிலும் சாலையோரத்திலும் வெட்டக் கூடாது. இளஞ்சோளப் பயிர் ஆட்டுக்கே நஞ்சாகும், முயலுக்கு வேண்டவே வேண்டாம். வைக்கோலில் சத்து குறைவு. படுக்கையாகப் போடலாம், கொறித்தால் குற்றமில்லை, ஆனால் அதையே உணவாக்க முடியாது. குதிரைமசால், வேலிமசால், முருங்கைக்கீரை ஆகியவற்றில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சரி, வளர்ந்த முயலுக்கு எப்போதாவது போதும்.

காயவைக்கும்போது நடக்கும் தவறுதான் அதிகம். பூ வருவதற்கு முன் வெட்டிய புல்லை மொட்டை மாடியில் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை புரட்டிவிடுங்கள். தண்டை மடக்கினால் ‘சடக்’ என்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். சணல் சாக்கில், தரையில் படாமல் வையுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னையில் புல் காயாது. புரட்டாசிக்குள் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வைப்பது என் வழக்கம். மக்கல் வாசனை அடிக்கும் புல்லை உதறிவிட்டுப் போடலாம் என்று எண்ணாமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

புல் தின்னாத முயலைப் பட்டினி போட்டுப் பழக்கக் கூடாது. பெல்லட்டை மாலைக்கு மட்டும் ஒதுக்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள். காலையில் புல் மட்டும் இருக்கட்டும். முயல்கள் மலங்கழித்துக்கொண்டே தின்னும் பழக்கமுள்ளவை. மலப்பெட்டியின் மேல் கூடையில் புல்லைத் தொங்கவிட்டால் பாதி வேலை தானாக முடியும். இவ்வளவுக்குப் பிறகும் தின்னவில்லை என்றால் 3ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்; முயலுக்கு முன்பே வாய் வலிக்கிறதோ என்னவோ.

எலும்பும் பல்லும் உறுதியாக அமைய வெயிலும் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தில் தேவையான புற ஊதாக் கதிர் வருவதில்லை. காலை எட்டு, எட்டரைக்குள் பாதி நிழலுள்ள இடத்தில் அரை மணி நேரம் உலவவிடுங்கள். 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் முயல் தவிக்கத் தொடங்கும் என்பதால் வெயிலில் கூண்டோடு வைத்துவிட்டுப் போகக் கூடாது. பகல் முழுவதும் சிறு கூண்டில் அடைபட்ட முயல் கம்பியைக் கடித்து இழுக்கும். அந்த இழுப்பிலேயே முன்பற்கள் கோணும்.

7. பல் நீண்டுவிட்டால்

வீட்டில் வெட்டாதீர்கள். நகவெட்டி பல்லை அறுப்பதில்லை, நசுக்கி உடைக்கிறது. உடைப்பு நெடுவாட்டில் ஈறு வரை பிளந்து, பல்லின் உயிர்ச்சதை திறந்துகொள்ளும். அதன் வழியே கிருமி இறங்கும். என் முயலின் முன்பல்லை, அதை வாங்கிய கடையில் இருந்தவர் ‘இரண்டு நிமிட வேலை’ என்று குறட்டால் நறுக்கிவிட்டார், நானும் கூடைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்ப்பல் ஒன்று நீளவாக்கில் விரிசல் விட்டது. இரண்டு மாதம் கழித்து அதே பக்கத் தாடையில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. முயலின் சீழ் கெட்டித்தயிர்போல் இறுகியிருக்கும், குத்திவிட்டால் வடியாது. கட்டியை உறையோடு அறுத்தெடுக்க வேண்டும், அதற்குக் காரணமான பல்லையும் எடுக்க வேண்டியிருக்கும்.

மருத்துவர் சுழல்கருவியால் தேய்க்கும்போது பல் இப்படிப் பிளப்பதில்லை. வெட்டுப்பற்களைப் பழக்கமுள்ள மருத்துவர் பெரும்பாலும் முழு மயக்கம் இல்லாமலே தேய்த்துவிடுவார். பிறவியிலேயே கடிவாய் கோணிய முயலுக்கு இதை 3 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை செய்ய நேரும். கடைவாய்ப் பற்களை மயக்கம் கொடுக்காமல் முழுமையாகப் பார்க்கவோ சரிசெய்யவோ முடியாது. வேர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். முதல் முறையாவது அதை எடுத்துவிடுவது பயனுள்ளது, ஏனெனில் வேர் எலும்பைத் துளைத்திருந்தால் மேலே தேய்ப்பது தற்காலிக நிம்மதி மட்டுமே.

8. மயக்க மருந்துக்கு முன்னும் பின்னும்

முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே நாய், பூனைக்குச் சொல்வதுபோல் முந்தைய இரவிலிருந்து பட்டினி போடத் தேவையில்லை. போட்டால் குடல் நின்றுபோகும். அது வழக்கமாகத் தின்னும் புல்லையும் தழையையும் பையில் போட்டு மருத்துவமனைக்கே எடுத்துச் செல்லுங்கள், விழித்ததும் வைக்கலாம்.

மருந்துச் சீட்டை வாங்கியதும் படியுங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, உயிரே போகலாம். இவற்றில் ஒன்று எழுதப்பட்டிருந்தால் தயங்காமல் ‘டாக்டர், இது முயலுக்கு வாய்வழி கொடுக்கலாமா?’ என்று கேளுங்கள். வலிநிவாரணி கொடுக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். வலி அடங்காத முயல் தின்னாது. வீட்டு அலமாரியில் உள்ள மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

9. தின்பதை நிறுத்திவிட்டால்

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருக்கும் முயலுக்கு அவசரம் பல் அன்று, குடல். அந்த நிலையில் பல்லைத் தேய்க்க அழைத்துப்போகிறேன் என்று மறுநாள் காலைக்கு நேரம் வாங்கிக் காத்திருப்பதுதான் நான் பார்த்தவற்றில் மிக மோசமான தவறு. அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். காது சில்லிட்டிருந்தால் அந்த மணி நேரமே.

வயிறு உப்பி இறுகியிருந்தால் எதையும் ஊட்டாதீர்கள், அடைப்பு இருக்கக்கூடும். வயிறு மெத்தென்று இருந்து, மருத்துவரும் சம்மதித்தால், பெல்லட்டை மிக்சியில் பொடித்து வெதுவெதுப்பான நீரில் கஞ்சிபோல் கரைத்து ஊட்டலாம். ஒரு கிலோ எடைக்கு வேளைக்கு 10 முதல் 15 மில்லி, நாளுக்கு நான்கைந்து முறை. சிரிஞ்சின் நுனியைக் கோரைப்பல் இல்லாத அந்தப் பக்கவாட்டு இடைவெளியில் நுழைத்து, ஒரு மில்லி விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருங்கள். நேராக உள்ளே பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

10. முன்பற்களை எடுத்துவிட்ட முயல்

ஒவ்வொரு மாதமும் தேய்ப்பதைவிட ஆறு வெட்டுப்பற்களையும் எடுத்துவிடுவது மேல் என்று மருத்துவர் சொன்னால் பயப்பட வேண்டாம். பின்பற்கள் நன்றாக இருக்கும் முயலுக்கு அது நல்ல தீர்வு. உதட்டாலேயே உணவை எடுத்துக்கொள்ள அது விரைவில் பழகிவிடும். கேரட்டைத் துருவியும், கீரையை விரல் நீளத்துக்கு நறுக்கியும் வைக்க வேண்டும். புல்லை அரிவாள்மணையில் இரண்டாகப் பிரித்தால் போதும், பொடியாக்கினால் அரைக்கும் வேலை போய்விடும். உயிர்ச்சதை சிறிது தங்கியிருந்தால் பல் மறுபடியும் முளைக்கலாம் என்பதால் சில மாதங்களுக்கு உதட்டை விலக்கிப் பார்த்துக்கொண்டிருங்கள். மயிரைக் கோதிக்கொள்ள அதற்கு இனி பல் இல்லை. வாரம் இரண்டு முறை சீப்பால் வாரிவிடும் வேலை நம்முடையது.